மான்செஸ்டர் முறை வீண்செலவா?

மின்னணுவியல் பாடத்தில் 'லைன் கோடிங்' என்றொரு பகுதி உண்டு. 1, 0 என்னும் இரண்டு எண்களைக் கம்பியிலும் காற்றிலும் அனுப்பவோ காந்தப் பட்டையில் பதிக்கவோ எந்த வடிவில் அவற்றைத் துடிப்பாக்குவது என்பதே அதன் பொருள். தேர்வுக்கு முந்தைய இரவில் நாம் அதை நான்கைந்து படங்களாக மனப்பாடம் செய்துவிடுகிறோம். 'மான்செஸ்டர் முறையின் குறை யாது?' என்ற வினாவுக்கு, 'இரு மடங்கு அலைப்பட்டை அகலத்தை வீணாக்குகிறது' என்று எழுதினால் போதும், மதிப்பெண் நிச்சயம். அந்த விடை பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

1 என்றால் உயர்ந்த மின்னழுத்தம், 0 என்றால் தாழ்ந்த மின்னழுத்தம். எவருக்கும் முதலில் தோன்றும் சிக்கன வழி இது. ஆனால் இருபது பூச்சியங்கள் தொடர்ந்து வந்தால் கம்பியில் அசைவே இராது. வந்தவை 19-ஆ, 21-ஆ? பெறும் முனையில் ஒத்தோடும் துல்லியமான கடிகாரம் இருந்தாலொழியச் சொல்ல இயலாது. பாடகர் நீண்ட கார்வை பிடிக்கும்போது தொடையில் தாளம் விழாவிட்டால் மிருதங்கக்காரர் என்ன செய்வார்? மான்செஸ்டர் முறையில் ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கட்டாயமாக ஒரு மாற்றம் நிகழும். அதுவே தாளம்.

நொடிக்கு 10 மெகாபிட் வேகத்து ஈதர்நெட் இம்முறையைத்தான் கையாண்டது. வேகம் ஏறியபோது இதைக் கைவிட்டார்கள். 10 கிகாபிட் ஈதர்நெட்டில் 64 பிட்டுகளுக்கு 2 பிட்டுகள் மட்டுமே கூடுதல். இதைக் காட்டித்தான் பழைய முறையைப் பழிக்கிறோம். அங்கே இரு முனைகளிலும் வசதி படைத்த கருவிகள் உள்ளன என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நிற்க. எங்கள் கீரனூரிலிருந்து திண்டுக்கல் வந்து, நான்குவழிச் சாலையில் மதுரைக்குக் காரில் செல்பவர்கள் கொடைரோடு சுங்கச்சாவடியைக் கடந்தாக வேண்டும். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் வண்டியின் முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். அந்தச் சிறு அட்டைக்குள் மின்கலம் கிடையாது. சாவடியில் மேலே உள்ள கருவி வீசும் 865 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலையே அதற்கு உணவு; செய்தியும் அதே அலையில்தான் வருகிறது. செய்திக்காக அலையை நெடுநேரம் நிறுத்தினால் அட்டை பட்டினியில் மயங்கிவிடும். ஆகவே கருவி எப்படிப் பேசுகிறது தெரியுமா? 0 என்றால் குறுகிய நேரம் அலை, 1 என்றால் நீண்ட நேரம் அலை. ஒவ்வொன்றின் முடிவிலும் மிகச் சிறிய இடைவெளி மட்டுமே. போதாதற்கு, தொடக்கத்திலேயே ஓர் அளவுகோல் துடிப்பையும் அனுப்பிவிடுகிறது. அட்டை அதனோடு ஒப்பிட்டு நெடில் எது, குறில் எது என்று கண்டுகொள்கிறது. நேர்த்தியான கடிகாரம் அதற்குத் தேவையில்லை.

அட்டையின் மறுமொழிக்கும் தாளம் உண்டு. பிட்டுக்குப் பிட்டு எல்லையில் நிலை மாறும். 0 எனில் நடுவிலும் ஒருமுறை மாறும். இரைச்சல் மிகுந்த இடமாயின், ஒரு பிட்டுக்கு 2, 4 அல்லது 8 சுழற்சிகள் செலவழித்து மெதுவாகப் பேசும்படி கருவி பணிக்கலாம். வீண்செலவு என்று நாம் எழுதும் அதே செலவுதான்! எளிய முனையின் இல்லாமையை ஈடுகட்ட வசதியான முனையும் அலைவெளியும் சுமக்கும் செலவு அது.

வங்கி அட்டையின் பின்புறக் கறுப்புப் பட்டையும் இதற்கு நெருங்கிய உறவே. கடைக்காரர் ஒருவர் அதை வேகமாக இழுப்பார், மற்றொருவர் தயங்கித் தயங்கி இழுப்பார். எந்தக் கடிகாரம் அதற்கு ஈடுகொடுக்கும்? ஒவ்வொரு பிட்டும் தன் எல்லைக்கோட்டைத் தானே சுமந்து வருவதால்தான் கை வேகம் மாறினாலும் கணக்கு மாறுவதில்லை. இங்கே நடுவில் மாறுவது 1; ஃபாஸ்டேக்குக்கு நேர் எதிர்.

எனவே ஒரு முறையைக் குறை கூறுமுன், பெறும் முனையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்க வேண்டும். 'கையால் இழுக்கும் அட்டைக்கு எம்முறை ஏற்றது? ஏன்?' என்று நம் வினாத்தாளில் ஒரு கேள்வி வந்தால் படங்களை மனப்பாடம் செய்தவர்கள் திணறுவார்கள். அதற்குச் செலவில்லாத செய்முறையும் ஒன்று உண்டு. காலாவதியான வங்கி அட்டையின் பட்டையில் மிக நுண்ணிய இரும்புத் தூளைத் தூவித் தட்டி உதறினால் கோடுகள் தெரியும். நடுத் தடத்தில் அங்குலத்துக்கு 75 பிட்டுகள். உருப்பெருக்கி வைத்து நெருக்கமான கோடு எது, விலகிய கோடு எது என்று நாமே 1, 0 எழுதிவிடலாம். இரும்புத் தூளும் உருப்பெருக்கியும் நம் இயற்பியல் ஆய்வகத்திலேயே இருக்கின்றன.