மாதிரித் தேர்வு தரும் சோர்வு

ஆசிரியருக்கு,

நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மனச்சோர்வு பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை மிக அவசியமானது. ஆனால் அதில் நீட், ஜேஇஇ மட்டுமே பேசப்பட்டன. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான ‘கிளாட்’ தேர்வுக்குப் படிப்போரின் தவிப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

120 நிமிடத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. எல்லாமே ஆங்கிலப் பத்திகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. தமிழ்வழியில் படித்த என் மகளுக்குச் சட்டக் கேள்வியும் புரிகிறது, தர்க்கமும் புரிகிறது. பத்தியை முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. மாதிரித் தேர்வு எழுதிவந்த ஞாயிறுகளில் அவளுக்குச் சோறு இறங்காது. பயிற்சி மையமோ இன்னும் நிறையத் தேர்வு எழுதச் சொன்னது. அவள் எண்ணிக்கையைக் குறைத்தாள். எழுதிய தாளையே மறுநாள் கடிகாரம் பார்க்காமல் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பெரும்பாலான தவறுகள் அவசரத்தில் நேர்ந்தவை என்று தெரிந்த பிறகுதான் அழுகை நின்றது. பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே அரசு சட்டக் கல்லூரிகளில் சேரலாம் என்று அறிந்ததும் பாதி பாரம் இறங்கியது. இதைப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை.

திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதியில் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளுக்கு வந்து வழிகாட்டலாம். தங்கள் இதழும் வாரம் ஓர் ஆங்கிலப் பத்தியைக் கேள்விகளோடும் தமிழ் விளக்கத்தோடும் வெளியிட்டால், பயிற்சிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

– ஒரு வாசகி, மணப்பாறை