பெங்குவின் தெரியும், பூநாரை?

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போகும்போது வகுப்பறைச் சுவரைப் பாருங்கள். விலங்குகள் சார்ட் ஒன்று தொங்கும். சிங்கம், வரிக்குதிரை, பெங்குவின். கீழே பெயர். அவ்வளவுதான் பாடம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி, பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு கிராமத்துப் பள்ளியிலும் அதே சார்ட்தான். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வந்து நிற்கும். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் பறவை. தின்கிற தீனியில் உள்ள நிறமிதான் அதற்கு ரோஜா நிறம் தருகிறது. குஞ்சு வெறும் சாம்பல் நிறம். எந்தப் பிள்ளையும் வாய் பிளந்து கேட்கும் சமாச்சாரம். சார்ட்டில் பெங்குவின் இருந்தது, பூநாரை இல்லை.

"லைப்ரரி புக் இருக்கா சார்?" பீரோவைத் திறந்தார்கள். வழவழ தாளில் விலங்குப் புத்தகங்கள், கசங்காமல். "பசங்க கிழிச்சிடுவாங்க சார். ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்றது?" கிழியாமல் இருந்தால் யாரும் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஆடிட்டில் அதற்கல்லவா விளக்கம் கேட்க வேண்டும்!

கதைப் புத்தகம் கிடைக்கும். அதில் நரி தந்திரக்காரன், கழுதை முட்டாள். பாவம், மிருகங்களுக்கு நீதி போதிப்பதைத் தவிர வேறு பிழைப்பே இல்லை. நரி எலி தின்னும், நண்டு தின்னும், பழம்கூடத் தின்னும் என்று படத்தோடு சொல்லும் புத்தகம் எங்கே? 2023-ல் பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கம் ஆரம்பித்து, நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் குட்டிப் புத்தகங்கள் போட்டது. நல்ல காரியம். அதேபோல அந்தந்த மாவட்டத்து உயிரினங்களுக்கும் போட என்ன தடை?

எழுத ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1996-ல் மறைந்த மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றித் தமிழில் எழுதியவர், படமும் வரையத் தெரிந்தவர். ஏரிக்கரையில் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர்களைக் கேளுங்கள், ஒரு புத்தகத்துக்கு விஷயம் சொல்வார்கள்.

நாளைக்கு அந்தக் கரையில் இன்னொரு ஆலை வரும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். என்னென்ன உயிர் இங்கே இருக்கிறது என்பதைக் கம்பெனி கொண்டுவரும் அறிக்கைதான் சொல்லும். ஊர்ப் பிள்ளை எழுந்து "இது விட்டுப்போச்சு" என்று சொல்ல வேண்டாமா?

கடைசி பெஞ்சுப் பையனிடம் சேற்று நண்டுக்கு எத்தனை கால் என்று கேட்டேன். "எட்டு காலு, ரெண்டு கொடுக்கு சார். கடைசிக் காலு துடுப்பு மாதிரி இருக்கும், அதுலதான் நீந்தும்." டீச்சர் சார்ட்டைப் பார்த்தார். அதில் நண்டு இல்லை. அவனை உட்காரச் சொல்லிவிட்டார்.