கட்சிக்கு ஓட்டா? மனசாட்சிக்கு ஓட்டா?

கட்சி பெரிதா, ஒழுக்கம் பெரிதா? பட்டிமன்றத்தில் இந்தக் கேள்வி வந்தால் இரண்டு பக்கத்துக்கும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஓட்டுச் சீட்டோடு வந்தால் அப்படிப் போக முடியாது.

அமெரிக்காவில் அலபாமா என்ற ராஜ்யத்து மக்கள் 2017-ம் ஆண்டு இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

அலபாமா, குடியரசுக் கட்சியின் கோட்டை. 2016-ல் நடந்த ஜனாதிபதி தேர்தலில் அந்தக் கட்சியின் டொனால்டு டிரம்புக்கு அங்கே 100-க்கு 62 ஓட்டு கிடைத்தது. எதிர்த் தரப்பான ஜனநாயகக் கட்சி அதற்கு முன் அங்கே செனட் தேர்தலில் கடைசியாக ஜெயித்தது 1992-ல். ஜெயித்தவர் ரிச்சர்டு ஷெல்பி. 1994-ல் அவரும் குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டார்! ஷெல்பியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவார்.

செனட் என்பது அவர்களுடைய மேல்சபை. ராஜ்யத்துக்கு 2 பேர். மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை ஜனாதிபதி நியமித்தாலும் இந்தச் சபை சம்மதித்தால்தான் அவர் நாற்காலியில் உட்கார முடியும். உட்கார்ந்தால் ஆயுள் வரை பதவி.

அலபாமாவின் இரண்டு இடங்களில் ஒன்று 2017-ல் காலியானது. குடியரசுக் கட்சியின் சார்பில் நின்றவர் ராய் மூர்.

பக்திமான் மீது புகார்

ராய் மூர் சாதாரண ஆள் அல்ல. அலபாமா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். பைபிளில் வரும் பத்துக் கட்டளைகளைக் கல்லில் செதுக்கி, கோர்ட்டு கட்டடத்திலேயே வைத்தார். அதை எடுக்கும்படி மத்திய கோர்ட்டு உத்தரவு போட்டது. மாட்டேன் என்றார். 2003-ல் பதவி போயிற்று. 2012-ல் மக்கள் மறுபடியும் அவரையே தலைமை நீதிபதி ஆக்கினார்கள். 2016-ல் வேறொரு விவகாரத்தில் மறுபடியும் சஸ்பெண்டு! தெய்வபக்தி உள்ள பலருக்கு அவர் ஒரு வீரர்.

2017 நவம்பர் 9-ந்தேதி "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. 1979-ல் தனக்கு 14 வயதாக இருந்தபோது, 32 வயது அரசாங்க வக்கீலாக இருந்த மூர் தன்னிடம் தகாத முறையில் நடந்தார் என்று ஒரு பெண்மணி அதில் சொல்லியிருந்தார். இன்னும் மூன்று பெண்கள், தாங்கள் பருவப் பெண்களாக இருந்தபோது மூர் தங்களைச் சுற்றி வந்ததாகச் சொன்னார்கள். நாலு பேரும் பெயரைச் சொல்லிப் பேசினார்கள். பிறகு வேறு சிலரும் வந்தார்கள். அத்தனையும் பொய் என்றார் மூர்.

தேர்தல் டிசம்பர் 12-ந்தேதி. இடையில் 33 நாட்கள். வேட்பாளரை மாற்றவும் வழியில்லை. அதற்கான காலக்கெடு முன்பே முடிந்துவிட்டது.

"கோர்ட்டில் நிரூபிக்காத புகாரை வைத்து ஒரு மனிதரைத் தள்ளலாமா?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தேர்தல் நேரத்தில் யார் வேண்டுமானாலும் யார் மீதும் சேற்றை வாரி வீசலாம். ஆனால், பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது மாப்பிள்ளையைப் பற்றி நாலு வீட்டில் விசாரிக்கிறோமே, கோர்ட்டு தீர்ப்பா கேட்கிறோம்? ஜெயிலுக்கு அனுப்ப சாட்சி வேண்டும், தீர்ப்பு வேண்டும். பதவியில் உட்கார வைக்க நம்பிக்கை வேண்டும். தீர்ப்புக்காகக் காத்திருந்தாலும் பயனில்லை. அந்தப் பெண்மணியும் மூரும் ஒருவர் மேல் ஒருவர் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். 2022-ல் ஜூரிகள் இருவர் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை!

கவர்னர் சொன்ன நியாயம்

அப்போது அலபாமாவின் கவர்னர் கே ஐவி என்ற பெண்மணி. அங்கே கவர்னர் என்றால் நம் முதல்-மந்திரி மாதிரி. "அந்தப் பெண்களை நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனாலும் என் ஓட்டு மூருக்குத்தான்" என்ற கருத்தில் அவர் பேசினார். காரணம்? சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி நியமனத்துக்குக் கட்சிக்கு செனட்டில் ஆள் வேண்டும்.

படித்தவர்கள் பலர் சிரித்தார்கள், திட்டினார்கள். நான் சிரிக்க மாட்டேன். எதிர்த்து நின்ற டக் ஜோன்ஸ், கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவர். கருக்கலைப்பு கொலைபாதகம் என்று மனதார நம்புகிறவர்கள் அலபாமாவில் ஏராளம். அவர்களைப் பார்த்து "ஒழுக்கத்தை விட்டுவிட்டுக் கட்சியைப் பிடித்துக்கொண்டாய்" என்று சொன்னால் கோபம் வராதா? அவர்களுக்கு அந்தக் கட்சியே ஒழுக்கத்தின் பக்கம். ஒரு கண்ணில் சுண்ணாம்பு, ஒரு கண்ணில் வெண்ணெய் என்று அவர்கள் வைக்கவில்லை. இரண்டு கண்ணும் எரிந்தது.

ஆனாலும் கவர்னர் கட்சிக்கு நான் வரமாட்டேன். அந்த நியாயத்துக்கு அடியே கிடையாது. கட்சிக்கு சபையில் ஆள் எப்போதுதான் வேண்டாம்? இந்த வருடம் வேண்டும், அடுத்த தேர்தலிலும் வேண்டும். அப்படியானால் எவ்வளவு கெட்டவரை நிறுத்தினாலும் முழுங்கித்தான் ஆகவேண்டும். எவரை நிறுத்தினாலும் நம் ஆட்கள் ஓட்டுப் போடுவார்கள் என்று தெரிந்துவிட்டால், நல்ல ஆளைத் தேடி அலைய தலைவர்களுக்கு என்ன தலையெழுத்து?

கட்சியே ஒரு கூத்து நடத்தியது. செய்தி வந்ததும் தேசிய கமிட்டி, மூருக்குக் கொடுத்துவந்த பண உதவியை நிறுத்தியது. டிசம்பர் தொடக்கத்தில் ஜனாதிபதி டிரம்ப் மூரை வெளிப்படையாக ஆதரித்தார். உடனே பணம் மறுபடியும் வந்தது! மூன்று வாரம்தான் ஒழுக்கம் தாங்கியது.

அதே கட்சியின் அரிசோனா செனட்டர் ஜெப் பிளேக், எதிரி ஜோன்சுக்கே 100 டாலருக்குச் செக் எழுதினார். கட்சியைவிட நாடு பெரிது என்று அதிலேயே குறிப்பும் எழுதினார்.

மூன்றாவது வழி

இப்போது ஷெல்பி வருகிறார். அவர் அப்போது அலபாமாவின் மூத்த செனட்டர். மூருக்கு ஓட்டுப் போடவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். ஜோன்சுக்கும் போடவில்லை. அங்கே சீட்டில் அச்சடித்த பெயர்கள் பிடிக்கவில்லை என்றால், காலி இடத்தில் வேறொரு பெயரை நாமே எழுதலாம். தகுதியுள்ள ஒரு குடியரசுக் கட்சிக்காரர் பெயரை எழுதிவிட்டேன் என்றார்.

நம் ஊரில் 2013 முதல் "நோட்டா" இருக்கிறது. இது அதற்குச் சித்தப்பா முறை. நோட்டாவில் "ஒருவரும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லலாம். அங்கே "இவர் வேண்டும்" என்றும் எழுதலாம். சிலர் நிக் சாபன் பெயரை எழுதினார்கள். அவர் அப்போது அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர்!

"இது வீண் ஓட்டு. தைரியம் இருந்தால் ஜோன்சுக்குப் போடு, இல்லாவிட்டால் மூருக்குப் போடு" என்று பலர் கேலி செய்தார்கள். கணக்கைப் பாருங்கள். ஜோன்சுக்கு 6,73,896 ஓட்டு. மூருக்கு 6,51,972. வித்தியாசம் 21,924. பெயர் எழுதிப் போட்டவர்கள் 22,852 பேர்!

அவர்கள் மட்டும் தேர்தலை முடிவு செய்தார்கள் என்று சொன்னால் தப்பு. கறுப்பு இன மக்கள் திரண்டு வந்தார்கள். வாசலில் எடுத்த கணிப்பின்படி அவர்களில் 100-க்கு 96 பேர் ஜோன்ஸ் பக்கம். 1963-ல் பர்மிங்ஹாம் மாதா கோவிலில் குண்டு வைத்து 4 சிறுமிகளைக் கொன்ற வழக்கை, 2001-லும் 2002-லும் நடத்தி இருவருக்குத் தண்டனை வாங்கித் தந்த அரசாங்க வக்கீல் அவர்தான்.

ஆனால் அந்த 22,852 பேரில் பலர் கட்சியைவிட்டு ஓடாமல், கட்சிக்குள் நின்றே "இந்த ஆள் வேண்டாம்" என்று சொன்ன ஷெல்பி மாதிரி மனிதர்கள். இதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். குடிகார மகனுக்குப் பணம் தர மறுக்கும் தகப்பன், மகனுக்கு விரோதியா?

கவர்னர் பயந்தது நடந்ததா? செனட்டில் குடியரசுக் கட்சியின் பலம் 52-ல் இருந்து 51 ஆனது. 2018-ல் பிரெட் கவனாவை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக்கும் ஓட்டெடுப்பு வந்தது. ஜோன்ஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டார். ஆனாலும் 50-க்கு 48 என்று நியமனம் நிறைவேறியது. இரண்டே ஓட்டு. பயம் வெறும் பயம் என்று தள்ளவும் முடியாது.

2020-ல் அதே இடத்துக்கு மறுபடியும் தேர்தல். குடியரசுக் கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றில் ராய் மூரும் நின்றார். கட்சிக்காரர்கள் 100-க்கு 7 பேர்தான் அவருக்குப் போட்டார்கள். நாலாவது இடம். கடைசியில் டாமி டூபர்வில் வேட்பாளர் ஆனார். இவரும் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர்! நவம்பரில் அவர் 100-க்கு 60 ஓட்டு வாங்கி ஜோன்சைத் தோற்கடித்தார். கைவிட்டுப் போன இடம் 3 வருடத்தில் கட்சிக்கே திரும்பி வந்தது.