சலுகை யாருக்கு, சல்லிக்காசு யாருக்கு?

அமெரிக்கப் பட்டாளத்தில் 18 வயதில் சேரும் ஒருவர் 20 ஆண்டுகள் தாக்குப்பிடித்தால், 38 வயதில் ஓய்வூதியத்தோடு வெளியே வந்துவிடலாம். இன்ஜின் வேலையோ ரேடார் பராமரிப்போ நர்ஸிங்கோ கைவசம் இருக்கும். மருத்துவக் காப்பீடும் ராணுவத்தின் வழியாகத் தொடரும். மாதம் பிறந்தால் வாஷிங்டனிலிருந்து பணம் வந்துவிடும். இப்படி ஒருவர் தன் ஊரில் வந்து குடியேறினால் எந்த மாநிலத்துக்குக் கசக்கும்?

அந்த ஆசைதான், ராணுவ ஓய்வூதியத்துக்கு வரிச் சலுகை தருவதில் அமெரிக்க மாநிலங்களைப் போட்டிபோட வைத்திருக்கிறது. நம் நாட்டில் விவசாய வருமானம் நீங்கலாக மற்ற வருமானத்துக்கு வரி போடும் உரிமை மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. அங்கே மத்திய அரசுக்கு ஒரு வரி, குடியிருக்கும் மாநிலத்துக்குத் தனியாக ஒரு வரி. முதலாவதிலிருந்து ராணுவ ஓய்வூதியம் தப்ப முடியாது. இரண்டாவதிலிருந்து தப்ப, வீட்டைக் காலிசெய்துகொண்டு டெக்சாஸுக்கோ ஃப்ளோரிடாவுக்கோ போனால் போதும். சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அங்கே மாநில வரி கிடையாது.

விர்ஜீனியாவைப் பாருங்கள். பென்டகனும் நார்ஃபோக் கடற்படைத் தளமும் இருக்கும் மாநிலம். 2022-ல் 10,000 டாலர் ஓய்வூதியத்துக்கு வரி இல்லை என்று தொடங்கி, ஆண்டுக்குப் பத்தாயிரமாக ஏற்றி, 2025-ல் 40,000 டாலருக்குக் கொண்டுவந்தது. ஆனால், முதலில் 55 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்தான் சலுகை என்றார்கள். 40 வயதில் கப்பலைவிட்டு இறங்கும் மாலுமி 55 வரை காத்துக்கொண்டா இருப்பார்? 2024 முதல் வயது நிபந்தனை போயே போய்விட்டது. நன்றிக்கடன் என்று மேடையில் பேசுகிறார்கள். வயது நிபந்தனை நீங்கிய வேகத்தைப் பார்த்தால், ஆள்பிடிக்கும் கணக்கும் உள்ளே இருப்பது தெரியும். அதில் தப்பும் இல்லை.

எல்லா மாநிலங்களும் எப்போதும் இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. கன்சாஸ் ஒரு காலத்தில் தன் சொந்த அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தை விட்டுவிட்டு, ராணுவத்தினரின் ஓய்வூதியத்துக்கு வரி வசூலித்தது. அதற்குச் சொன்ன காரணம் ரசிக்கத்தக்கது: ஓய்வுபெற்ற வீரரை எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கலாம், ஆகவே அவர் வாங்குவது ஓய்வூதியமே அல்ல, குறைக்கப்பட்ட சம்பளம்! உச்ச நீதிமன்றம் 1992-ல் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது.

கடைசிவரை இறங்கிவராத பெரிய மாநிலம் கலிஃபோர்னியா. சான் டியாகோ கடற்படைத் தளமும் மரைன் படையின் கேம்ப் பெண்டில்டனும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே பணியாற்றி ஓய்வுபெற்று அங்கேயே தங்கியவர்களின் ஓய்வூதியத்துக்கு மாநிலம் முழு வரி போட்டுவந்தது. 2025 பட்ஜெட்டில்தான் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்தில் சலுகை வந்தது. ராணுவ ஓய்வூதியத்திலும், வீரர் இறந்தபின் துணைவருக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியத்திலும் 20,000 டாலர் வரைக்கும் மாநில வரி இல்லை. ஆனால், தனிநபரின் மொத்த வருமானம் 1,25,000 டாலரையும் தம்பதியின் வருமானம் 2,50,000 டாலரையும் தாண்டக் கூடாது. ஜெனரலுக்கும் சார்ஜென்டுக்கும் ஒரே மாதிரி முழு விலக்கு தரும் மாநிலங்களோடு ஒப்பிட்டால், இந்த வரம்பு நியாயமானதுதான்.

இடறும் இடம் வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணமாகாத ஒரு முன்னாள் வீரர். ஓய்வூதியம் ஆண்டுக்கு 30,000 டாலர், தனியார் வேலையில் 80,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவரது வருமானத்தின் மேல்பகுதிக்கு மாநில வரி 9.3 சதவீதம். புதிய சலுகையால் அவருக்கு 1,860 டாலர் மிச்சம்.

அடுத்து, மாதம் 2,400 டாலர் ஓய்வூதியம் வாங்கிய ஒரு சார்ஜென்டின் மனைவி. குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்காக அந்தத் தொகையில் 6.5 சதவீதம், அதாவது மாதம் 156 டாலர் பிடித்தம் போயிருக்கும். கணவர் இறந்தபின் 55 சதவீதம் வரும்: மாதம் 1,320, ஆண்டுக்கு 15,840 டாலர். வேறு வருமானம் இல்லையென்றால், எல்லாருக்கும் உள்ள வழக்கமான கழிவுகளிலேயே அவருடைய கலிஃபோர்னியா வரி பூஜ்ஜியமாகிவிடும். புதிய சலுகையால் அவருக்குக் கிடைப்பது? அதுவும் பூஜ்ஜியம்.

சட்டத்தில் அவர் பெயரும் இருக்கிறது, பணம்தான் இல்லை. வரி கட்டுகிறவருக்குத்தான் வரிக்கழிவால் லாபம். அதிகம் கட்டுகிறவருக்கு அதிக லாபம்.

இவரைப் போன்ற பெண்களின் வாழ்க்கையை உண்மையில் மாற்றிய சட்டத்துக்கும் வருமான வரிக்கும் சம்பந்தமில்லை. பணியால் வந்த காயத்தாலோ நோயாலோ வீரர் இறந்தால், முன்னாள் படைவீரர் நலத்துறை துணைவருக்கு ஓர் இழப்பீட்டுத் தொகை தருகிறது. இன்று அது மாதம் 1,600 டாலருக்கு மேல், வரியும் இல்லை. ஆனால், இந்தத் தொகையை வாங்கினால் அதே அளவு குடும்ப ஓய்வூதியத்தில் வெட்டு விழும் என்பது பழைய விதி. மேலே சொன்ன பெண்ணின் 1,320 டாலர் மொத்தமாகப் போயிருக்கும். கட்டிய பிடித்தம் வட்டியில்லாமல் திரும்பும், சில நூறு டாலர் ஆறுதல் படி கிடைக்கும், அவ்வளவுதான். ‘விதவை வரி’ என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்து அவர்கள் ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றப் படியேறினார்கள். 2019 டிசம்பரில் சட்டம் வந்தது. 2021 முதல் படிப்படியாகக் குறைந்து 2023-ல் வெட்டு முழுதும் நின்றது.

மாநிலங்கள் கைவைக்க வேண்டிய இடத்தை டெக்சாஸ் காட்டுகிறது. பணியால் முழுமையாக ஊனமுற்ற வீரரின் வீட்டுக்கு அங்கே சொத்து வரி இல்லை. அவர் இறந்த பிறகும், மறுமணம் செய்யாத துணைவருக்கு அது தொடர்கிறது. 15,840 டாலரில் குடும்பம் நடத்துபவருக்கு வருமான வரி ரசீது வராது, வீட்டு வரி ரசீது வரும். வாடகை வீட்டில் இருப்பவருக்கு, வரி கட்டாவிட்டாலும் கையில் பணமாகத் தரும் வரி வரவு ஒன்றை ஏற்படுத்தலாம்.

கலிஃபோர்னியாவின் சலுகை 2029-ம் ஆண்டு வருமானக் கணக்கோடு காலாவதியாகிறது. நீட்டிப்பதா என்று மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் விவாதம் வரும்போது, 20,000 என்பதை 30,000 ஆக்கச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய இருப்பார்கள். அந்தக் கூடுதல் பத்தாயிரத்திலும் சார்ஜென்டின் மனைவிக்கு ஒரு டாலரும் சேராது.