செவுளைத் தூக்கிப் பார்

பயிற்சி என்று பேச்செடுத்தாலே எல்லோருக்கும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. 2024 பட்ஜெட்டில் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தபோது 5 ஆண்டு, 1 கோடி இளைஞர், 500 பெரிய நிறுவனங்கள், மாதம் 5,000 ரூபாய் என்ற எண்களே ஊரெல்லாம் பேச்சு. பயிற்சியில் பாதிக் காலமாவது வகுப்பறைக்கு வெளியே, வேலை நடக்கும் இடத்தில் கழிய வேண்டும் என்ற நல்ல நிபந்தனையும் அதில் இருந்தது, அதைப் பேசுவாரில்லை. முதல் நாள் என்ன நடக்கும் என்று கேட்பாரும் இல்லை. ஏ.சி. ஹால், நிறுவனத்தின் வரலாறு, விருதுப் பட்டியல், கழுத்தில் ஓர் அட்டை. 

தில்லி ஹோட்டல்களுக்குப் பயிற்சிக்கு வரும் கேட்டரிங் மாணவர்களை முதல் நாள் காலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனால் என்ன? மீனின் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பது, கண் குழி விழுந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மீள்கிறதா என்று கவனிப்பது எல்லாம் அங்கே கால் மணி நேரப் பாடம். அதைவிடப் பெரிய பாடம் கணக்கு. கிலோ 600 ரூபாய் மீனில் தலை, குடல், செதில் போக 600 கிராம் தேறினால், அடுப்புக்கு வருவது கிலோ 1,000 ரூபாய் மீன். தட்டின் விலை எங்கே பிறக்கிறது என்பது இந்த ஒரு வகுத்தலில் விளங்கிவிடும். கறிவேப்பிலையும் அப்பளமும் விற்கும் சந்தையிலேயே தாய்லாந்து சமையலுக்கான எலுமிச்சைப் புல்லும் கிடைக்கிறதே, ஏன்? சுற்றிலும் அரசு ஊழியர் குடியிருப்புகள், சற்றுத் தள்ளிச் சாணக்கியபுரித் தூதரகங்கள். யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்ற பாடமும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

ஹோட்டலுக்குச் சரக்கு வாசலிலேயே வந்து இறங்குகிறதே, சந்தை எதற்கு என்பார்கள். வந்து இறங்குவதால்தான் வேண்டும். நல்லதைப் பார்த்திராதவனால் வாசலில் நின்று எதைத் திருப்பி அனுப்ப முடியும்? சட்டம் சொல்லும் விஷயங்களுக்கு ஹால் வேண்டாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சியாளரையும் ஊழியராகவே கருதுகிறது; புகார்க் குழு பற்றிய ஆணை எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும் என்கிறது. அதை முதல் நாளே சொல்லத்தான் வேண்டும், யாரிடம் போவது என்று ஆளையே காட்டி. அதற்கு அரை மணி போதும். விருதுப் பட்டியலை வெட்டினால் அந்த அரை மணி கிடைத்துவிடும்.