அங்கியைப் பீரோவில் வைத்தது யார்?

பெண்ணுக்கு வரன் பேசும் வீடுகளில் நீதிபதி பாத்திமா பீவி அவர்களின் பெயர் இருமுறை எடுத்தாளப்படுகிறது. '1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாய் அமர்ந்தவர் நம் சமுதாயத்துப் பெண்மணியன்றோ!' என்று பெருமை பேச ஒருமுறை. 'அந்த அம்மையார் மணமே செய்துகொள்ளவில்லை. குழந்தை குட்டியோடு இத்தொழில் நடக்குமா?' என்று பெண்ணின் வாயை அடைக்க மறுமுறை. முதலாவது உண்மை. இரண்டாவதோ உண்மையைக் கொண்டு கட்டிய பொய்.

பாத்திமா பீவியைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவர்தம் தந்தையார் மீரா சாஹிபு. அத்தந்தையின் கண்முன் எடுத்துக்காட்டாக நின்றவர் அன்னா சாண்டி. 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப்பாகி, 1959-இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர் அவர். கணவரோடு வாழ்ந்து, மகனை வளர்த்த தாயுங்கூட. ஆக, பாத்திமா பீவிக்கு வழி திறந்தது ஒரு தாயின் தொழில்! வரன் பேசும் பெரியவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

நம் பகுதிக்கு வருவோம். சேலத்தில் சென்ட்ரல் சட்டக் கல்லூரி 1984 முதல் நடக்கிறது. 2019-இல் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அரசு சட்டக் கல்லூரிகளே வந்துவிட்டன. 'சென்னைக்கு அனுப்ப அச்சம்' என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது. நிக்காஹ் அழைப்பிதழில் மணமகளின் பெயருக்குப் பின்னே பட்டம் பளிச்சென்று அச்சாகிறது. முதற் குழந்தை பிறந்ததும் கறுப்பு அங்கி பீரோவுக்குள் போகிறது. கேட்டால், 'அவளாகவே விட்டுவிட்டாள்' என்பார்கள்.

அவளாகவா விட்டாள்? காலையிலேயே ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும். மாலைவரை காத்திருந்து வாய்தா மட்டும் வாங்கித் திரும்பவும் நேரும். மார்பில் பால் கட்டும் வேதனை எந்த வழக்குப் பட்டியலிலும் ஏறுவதில்லை. மகப்பேறு நலன் குறித்த சட்டம் முதலிரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பளிக்கிறது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்கிறது. தனித்துத் தொழில் நடத்தும் வக்கீலோ எவருக்கும் பணியாளர் அல்லர். அச்சட்டத்தைக் காட்டி ஆலைத் தொழிலாளிக்காக அவர் வாதாடலாம். தமக்காக ஒரு நாள் விடுப்பும் கேட்க இயலாது. வழக்கறிஞர் சங்கங்கள் இதனைப் பேசாமல் வேறு எதைப் பேசப் போகின்றன?

சங்கத்தைச் சாடிவிட்டு வீட்டை விட்டுவிடலாகாது. கணவரும் வக்கீலாக இருக்கும் வீடுகளுண்டு. 'குழந்தையையும் தொழிலையும் எப்படிச் சமாளிக்கிறீர்?' என்று அவரை ஒருவரேனும் கேட்டதுண்டா? பாலூட்டும் ஈராண்டைக் கூறும் திருவசனம் (2:233), அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. தாய்க்குரிய பாதியை உரக்க ஓதி, தந்தைக்குரிய பாதியில் குரலைத் தாழ்த்துகிறோம்.

தொழுகை நடத்துங்கால் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் உள்ளம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். குழந்தையோடு வந்த தாயை 'வீட்டிலிரு' என்று அனுப்பவில்லை. தொழுகையின் நீளந்தான் குறைந்தது. இறைவணக்கத்திலேயே இடங்கொடுத்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம், நீதிமன்றம் போய்வர இடங்கொடுக்க மறுக்கிறோம்!

பெண்ணைப் பெற்ற பெருமக்களே! மஹர் பேசும் அன்றே இன்னொன்றையும் பேசிவிடுங்கள். வாய்தா நாளில் குழந்தையை யார் பார்ப்பது என்று மாப்பிள்ளையிடமே கேளுங்கள். அவர் பதில் சொல்லத் தயங்கினால், அழைப்பிதழில் அந்தப் பட்டத்தை அச்சிட வேண்டாம்.