நெளிவது கம்பியல்ல

கிட்டாருக்குள் ஐபோன் 4-ஐ வைத்து எடுத்த வீடியோ ஒன்று 2011-இல் பரவியது. அன்று பிடித்த தொல்லை. கம்பிகள் பாம்பாய் நெளியும். கூடவே 'கண்ணுக்குத் தெரியாத இசையைக் கேமரா காட்டுகிறது' என்று ஒரு வரி. ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் புல்வெளியில் கிட்டாரோடு உட்காரும் கல்லூரிக் கூட்டம் இதை வருடாவருடம் புதிதாய்க் கண்டுபிடிக்கிறது. போதாக்குறைக்கு, குன்னூரில் ஒரு பள்ளி விழாவில் சிறப்பு விருந்தினர் அதையே திரையில் ஓட்டி, "நாதத்தின் உருவம் இதுதான், கேமரா பொய் சொல்லாது" என்றார். கைத்தட்டல் வேறு.

இந்தக் கூட்டம் சொல்லும் வாதம் நான்கு. முதலாவது, கேமரா பொய் சொல்லாதாம். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' ஃபிலிம் தயாரித்த மலையில் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா இது? நூறு வருடத்துக்கு முன்பே பிரான்ஸில் புகைப்படக்காரர் லார்ட்டீக் எடுத்த பந்தயக் கார் படத்தில் வட்டச் சக்கரம் முட்டையாய்ச் சாய்ந்து கிடக்கும்.

இரண்டாவது, எல்லாச் செல்போனிலும் இப்படியே தெரிகிறதாம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே வகைச் சென்சார்தானே!

மூன்றாவது, கண்ணைவிடக் கேமரா வேகமாம். இதைத்தான் சும்மா விட முடியாது. செல்போன் ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. எஸ்டேட்டில் நிரை நிரையாய்க் கொழுந்து பறிப்பதுபோல, சென்சாரை வரிவரியாய்ப் படிக்கிறது. மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு வர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டாரின் ஐந்தாம் கம்பி நொடிக்கு 110 முறை ஆடும். அந்த ஐம்பதில் ஒரு பங்குக்குள் அது இரண்டு முறைக்கு மேல் ஆடி முடித்துவிடும். மேல்பாதி ஒரு கணத்துக் கம்பி, கீழ்பாதி இன்னொரு கணத்துக் கம்பி; ஒட்டினால் பாம்பு.

நம்பிக்கை இல்லையா? கம்பி செங்குத்தாக நிற்கும்படி கிட்டாரை நிறுத்தி, செல்போனைப் படுக்கவைத்து எடுங்கள்: பாம்பு. செல்போனை மட்டும் நிமிர்த்தி எடுங்கள்: பாம்பைக் காணோம். வாசிப்பவர் அதே ஆள், சுரமும் அதே சுரம். செல்போனைத் திருப்பினால் நாதம் உருவம் மாற்றிக்கொள்ளுமா?

இன்னும் ஒன்று. படத்தில் இரண்டு முழு அலை என்றால் நான்கு புடைப்பு. முழுக்கம்பி உண்மையிலேயே அப்படி ஆடினால் காதில் 110 அல்ல, 440 கேட்க வேண்டும். காது செவிடா? தொட்டபெட்டாவில் மூடுபனி இறங்கியதும் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் குறைய, ஒவ்வொரு வரியும் அதிக நேரம் திறந்திருக்கும். பாம்பு கரைந்து வெறும் மங்கல் மிஞ்சும். பனிக்கும் நாதத்துக்கும் என்ன பகை?

நான்காவது, தடித்த கம்பிக்கு அலை குறைவாம். மெதுவாய் ஆடினால் குறைவாகத்தான் பதியும்.

திருச்சிக்காரர் சி.வி. ராமன் கொல்கத்தாவில் வயலின் கம்பியின் அதிர்வைப் படமெடுத்து, 1918-இல் ஆய்வை வெளியிட்டார். குறுகிய பிளவு வழியே கம்பியில் ஒரு புள்ளியை மட்டும் பார்த்து, நகரும் தகட்டில் பதித்தார். பதிந்த கோடு அந்தப் புள்ளி நேரத்தோடு ஆடிய கணக்கு. கம்பியின் உருவம் என்று அதை அவர் விற்கவில்லை. பாம்பின் குட்டை உடைக்க ராமன் அளவு படிப்பும் வேண்டாம். செல்போனைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்குச் சந்தேகம் இருந்தால் போதும்.